தினாரக்கா

நான் பெரியவளான தேதியை என்னிடம் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டால் யோசனையே கிடையாது. "ஒன்னய குந்த வச்ச அன்னிக்கு குவைத் தினாரு நானூத்தி அறுபத்திரெண்டு. அதுக்கு மொத நாளு அறுபத்தொண்ணு" என்பார். நான் வயசுக்கு வந்த ராசியில்தான் தினார் ஒரு ரூபாய் ஏறியது என்பது அவர் கட்சி. சடங்குக்கு வந்த சனத்திடமெல்லாம் இதைச் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதைக்கு மேலே எங்கள் தோட்டம். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. தோட்டத்துக்கு அவர் தினாரக்கா. கணவர் காலமாகிப் பல வருடங்கள், பிள்ளை குட்டி இல்லை, கொழுந்து பறிக்கிற வேலை. குவைத்துக்குப் போனவர் இல்லை. குவைத் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கோயிலுக்குப் பின்னால் கையைக் காட்டுவார், ஏனென்றால் என் அம்மா ஏறிய வேன் அந்தப் பக்கமாகத்தான் போனது.

அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனபோது எனக்கு ஒன்பது வயது. வேன் கிளம்பும் நேரத்தில் அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் அனுப்புற காசுல யாராச்சும் ஏமாத்திருவாங்க. தினாரு என்ன வெலைக்கிப் போவுதுன்னு நீ மட்டும் பாத்து வச்சுக்க" என்றார். போகிற போக்கில் சொன்ன பேச்சு அது. சொன்னவரே ஒரு வாரத்தில் மறந்திருப்பார். பெரியம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு தினார் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதுதான் அவருடைய முதல் தாள்.

தாள் என்றால் நாட்காட்டித் தாள். நாமெல்லாம் கிழித்துக் கசக்கி அடுப்பில் போடுகிற தாளை அவர் திருப்பிப்போட்டு, பின்பக்கம் அன்றைய தினாரின் விலையை எழுதுவார். விலைக்குக் கீழே லயத்தில் அன்று நடந்த ஒரே ஒரு விஷயம். 'கண்ணுக்குட்டி பொறந்தது.' 'தண்ணிப் பைப்பு ஒடஞ்சது.' 'புள்ளைக்கு காச்சல்.' அந்தப் புள்ளை பெரும்பாலும் நான்தான். எழுதியதும் வளைந்த கம்பியில் குத்திவிடுவார். வருடத்துக்கு ஒரு கம்பி, அடுப்புக்கு மேலே புகை படியப் படியத் தொங்கும்.

விலை அவருக்கு வந்து சேரும் விதத்தைப் பார்த்து முதல் தடவை பஸ்ஸில் வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள். ஹட்டனில் ஒரு வங்கி வாசலில் போர்டு இருக்கிறது. காலை பஸ் கண்டக்டர் அதைப் பார்த்து வைத்துக்கொள்வார். பஸ் எங்கள் மலைக்குக் கீழே வளைவு திரும்பும்போது மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "அக்கே, பன்சிய ஹெத்தே அட்டய்" என்று கத்துவார். மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை எழும்பி ஆடும். ஐந்நூற்று எழுபத்தெட்டு, கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சிங்களக் கண்டக்டருக்கும் பெரியம்மாவுக்கும் பத்து வருடப் பழக்கம். இருவரும் எண்களைத் தவிர வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை.

பஸ் வராத நாளில் தாளில் 'தெரியாது' என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை 'லீவு'. எனக்குக் கையில் போன் வந்த பிறகு, "நான் பாத்துச் சொல்றேன் பெரியம்மா, ஒரு நிமிச வேல" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "போன்ல ஒண்ணு போடுவான், பேங்குல ஒண்ணு குடுப்பான். எனக்கு போர்டுல உள்ளதுதான் வேணும்" என்று மறுத்துவிட்டார். கொரோனாக் காலத்தில் பஸ்ஸே ஓடவில்லை. அந்த வருடக் கம்பியைப் பார்த்தால் தெரியாது, தெரியாது, தெரியாது என்று வரிசையாக இருக்கும். சும்மா ஒரு குத்துமதிப்பாகப் போட்டு வைக்கக்கூடாதா என்று கேட்டதற்கு என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயில் உண்டியலில் கை வைத்தவளைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

ஒருமுறை பெருங்காற்றில் நாலு வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோனது. பல மாதம் கழித்து நிவாரணம் எழுத யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் வந்தார். எந்தத் தேதியில் பறந்தது என்று அவர் கேட்க, ஒருவர் ஆடி என்றார், இன்னொருவர் ஆவணி என்றார். பெரியம்மா முன்னால் வந்து, "ஐந்நூத்தி அஞ்சுங்க" என்றார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "என்னம்மா அது? வீட்டு இலக்கமோ?"

"இல்லீங்க, தினாரு. தகரம் பறந்த அன்னிக்கு ஐந்நூத்தி அஞ்சு."

"எனக்குத் திகதி வேணுமம்மா. தினாரை வச்சு நான் என்ன செய்யிறது?"

பெரியம்மா உள்ளே போய்க் கம்பியோடு வந்தார். ஐந்நூற்று ஐந்து உள்ள தாள்களைத் தள்ளித் தள்ளி, 'தகரம் போச்சு' என்று எழுதிய தாளை உருவிக் கொடுத்தார். மறுபக்கத்தில் தேதி, கிழமை, நல்ல நேரம் எல்லாம் அச்சில் இருந்தன. அதிகாரி சிரித்துவிட்டார். நாலு வீட்டுக்கும் தகரம் வந்தது, பெரியம்மா அந்தத் தாளை மறக்காமல் திருப்பி வாங்கிக் குத்தி வைத்தார்.

அம்மா நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தார். முதல் தடவை வந்தபோது ஆசையாக ஒரு கால் தினார் நோட்டைப் பெரியம்மா கையில் வைத்தார். பெரியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இத்துனூண்டுதானா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா கெஞ்சியும் வாங்கவில்லை. "எனக்கு எதுக்குடி இது, நான் வெல பாக்குறவ, வாங்குறவளா?" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் ஊர் என்ன கேட்கும்? நாளைக்கு என்ன விலை என்றுதான் கேட்கும். குவைத்திலோ துபாயிலோ ஆள் இல்லாத லயம் எங்கள் பக்கம் கிடையாது. மாற்றலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்பார்கள். பெரியம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார். "நேத்து என்னான்னு கேளுங்க, சொல்றேன். போன வருசம் தீவாளிக்கு என்னான்னு கேளுங்க, சொல்றேன். நாளைக்கி என்னான்னு எனக்குத் தெரியாது." கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருக்கிற முதலாளி ஒருவர் இரண்டு கிலோ சீனியோடு வந்து உட்கார்ந்து பார்த்தார். பிளேன்டீ குடித்துவிட்டுச் சீனியோடு திரும்பிப் போனார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஏறும் என்றோ இறங்கும் என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் ஒரு மாதத்துக்குச் சீனிக்குக் கவலை இருந்திருக்காது.

"தேயில ஸ்டோர்ல தெனம் காலையில மழைய அளக்குறாங்கள்ல," என்றார் என்னிடம். "நாளைக்கி எவ்வளவு பேயும்னா எழுதி வைக்கிறாங்க? பேஞ்சதத்தான் அளக்க முடியும்."

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு, சாயந்தரம் போன் வரும். பேச்சு முடியும்போது நான் தவறாமல், "எப்பம்மா வர்றீங்க?" என்று கேட்பேன். அம்மாவும் தவறாமல், "தினாரு இன்னுங் கொஞ்சம் ஏறட்டும்டா, வந்துர்றேன்" என்பார். நானூற்றைம்பது ஆனதும் வருகிறேன் என்றார். ஆனது. கூரை போட்டதும் என்றார், போட்டோம். நான் உயர்தரப் பரீட்சை எழுதியதும் என்றார், எழுதினேன். தினார் இறங்கினால் இப்போது வந்தால் நட்டம். ஏறினால் ஏறுகிற நேரத்தில் யாராவது வருவார்களா. ஆக எந்தப் பக்கம் போனாலும் அம்மா வராமல் இருக்க அதில் ஒரு காரணம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கணக்குப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் சடங்குகளை போனில் பார்த்தார்கள்.

அப்புறம் நாடு கடனில் மூழ்கிப் படுத்த வருடம் வந்தது. அறுநூற்று அறுபதில் நின்ற தினார் நாலைந்து வாரத்தில் ஆயிரத்தைத் தொட்டது. டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோனதால் பெரியம்மா டிக்கோயா வழியாக ஹட்டனுக்கே நடந்து போனார். போர்டைப் பார்த்துவிட்டு வங்கிக் காவலாளியிடம், "தம்பி, போர்டு பழுதாப் போச்சா?" என்று விசாரித்திருக்கிறார். பழுது இல்லை என்று தெரிந்ததும் அப்படியே நடைபாதையில் குந்திவிட்டாராம். லயத்தில் ஒரு நாள் முழுக்கக் கொண்டாட்டம், வெளிநாட்டில் ஆள் உள்ள வீடெல்லாம் இனி ராஜ வாழ்க்கை என்று. மறுநாள் கடைக்குப் போய்க் கோதுமை மா விலையைக் கேட்டதும் கொண்டாட்டம் முடிந்தது.

அந்த வருடக் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. தையில் முகூர்த்தம். அதே சமயம் அம்மாவின் ஒப்பந்தம் முடிகிறது. வேலை செய்யும் வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார், ஒரு வாரத்தில் பதில் வேண்டும் என்கிறார். தினார் ஆயிரத்து நூற்று எண்பதில் நிற்கிறது.

"காத்துள்ளப்பவே தூத்திக்கணும்டா," என்றார் அம்மா போனில். "இப்பிடி ஒரு வெல இனி எந்தக் காலத்துல வரும்? கல்யாணத்த போன்ல பாத்துக்கிறேன். ஒனக்கு ஒரு கொறையும் வைக்காம அனுப்புறேன்."

தாலி ஏறும்போது என் பக்கத்தில் ஒரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள், அதில் சிக்னல் போய்ப் போய் வரும், அதுதான் என் அம்மா. நான் போனை வைக்கப் போனேன், அம்மா விடவில்லை. "சரி, ஒண்ணு செய்வோம். அக்காகிட்ட கேளு. இந்தத் தினாரு இனி எறங்கும்னு அக்கா சொல்லட்டும், கையெழுத்துப் போடாம அடுத்த பிளேன்ல வந்துர்றேன்."

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பெரியம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு சொல், இறங்கும் என்று போதும் என்றேன்.

"எனக்குத் தெரியாதேடா."

"தெரியாட்டி என்ன பெரியம்மா, சும்மா சொல்லுங்க."

"அது இன்னுந்தான் ஏறும்போல இருக்கு. இவ்வளவு வருசத்துல இது பெருசா எறங்கி நான் பாத்ததே இல்ல. எறங்கும்னு சொல்லி, அவ மாத்திட்டு வந்து, மறுநாளு இன்னும் நூறு ஏறிருச்சின்னா? அவ ஒழைப்பெல்லாம் என் வாயால போயிரும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஒங்களுக்கு என்னயவிட அந்தக் கம்பிதான் பெருசு" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கொடுத்தனுப்பிய ரொட்டியைத் திருப்பி அனுப்பினேன். கல்யாணப் பெண் இப்படி நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அந்த வாரம் முழுக்கக் கம்பிகளை இறக்கி வைத்துத் தாள் தாளாகப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் போன் வந்ததும் கூப்பிடாமலே உள்ளே வந்தார். குளித்து, கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தார். என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தங்கச்சி, நல்லாக் கேட்டுக்க. தினாரு எறங்கும். தை முடியிறதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சிரும். கையெழுத்துப் போடாத. இருக்குறத மாத்திக்கிட்டு கெளம்பி வா."

அம்மா, "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். பெரியம்மா போனை என்னிடம் நீட்டினார். வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவு கழுவென்று கழுவினார். அன்றைய தாளில் விலைக்குக் கீழே அவர் எழுதியதை நான் பிற்பாடுதான் பார்த்தேன். 'இன்னிக்கு ஒரு பொய் சொன்னேன்.'

அம்மா வந்தார். வேனை விட்டு இறங்கியவரை ஊரே சூழ்ந்துகொண்டது. கல்யாணத்தன்று என் தலையில் பூவை வைத்து, பிடிக்கவில்லை என்று எடுத்து, மறுபடி வைத்து, மூன்று தடவை என் கொண்டையைக் கலைத்தார். எரிச்சலாக வந்தது, அந்த எரிச்சல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெரியம்மா மட்டும் அம்மாவின் கண்ணில் படாமல் சமையல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். தினார் இறங்கவில்லை. தை முடிந்தது, அப்போதும் இறங்கவில்லை. பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் சத்தம் கேட்டால் செடிக்குள் குனிந்துகொள்கிறார் என்று கூடப் பறிக்கிற பெண்கள் சொன்னார்கள்.

மாசி போய்ப் பங்குனி பிறந்த பிறகு ஒரு காலை, கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தியே விட்டார். "அக்கே, எக்தாஹஸ் ஹெட்டய்" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆயிரத்து அறுபது. பெரியம்மா நம்பாமல் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாராம். அதோடு நிற்கவில்லை, பின்னால் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கே வந்தது.

போதாதா ஊருக்கு? தினாரக்கா வாக்கு பலித்துவிட்டது, அவருடையது கரிநாக்கா அருள்நாக்கா என்று பட்டிமன்றமே நடந்தது. அடுத்த தோட்டங்களிலிருந்தெல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். நகைக்கடை முதலாளி இந்தத் தடவை ஐந்து கிலோ சீனியோடு வந்தார். பெரியம்மா ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு, பின்பக்க வழியாக, சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரை சீசனுக்குக் கடை போட்டிருந்த தன் தம்பி வீட்டுக்கு ஓடிப்போனார். பத்து நாள் கழித்து அங்கேயும் விஷயம் தெரிந்து, மலை ஏறுகிறவர்கள் கேட்க ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிட்டார்.

நான் அம்மாவைப் பார்க்க வந்திருந்த நாள் அது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா நேரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் சொன்னது பொய். எறங்கும்னு எனக்குத் தெரியாது. ஏறும்னுதான் நெனச்சேன். புள்ள மொகத்தப் பாக்க முடியல, அதான் சொன்னேன். ஏதோ சாமி புண்ணியத்துல எறங்கிச்சு, இல்லாட்டி ஒன்னய மோசம் பண்ணியிருப்பேன்."

அம்மா முறத்தை நிறுத்தாமல், "பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றார்.

"தெரியுமா? அப்ப நான் மூணு மாசமா சோறு திங்காமக் கெடந்தது?"

"ஒன்னய யாரு பட்டினி கெடக்கச் சொன்னா?"

"தெரிஞ்சுக்கிட்டா வந்த?"

"நாளைக்கி என்னான்னு ஒரு நாளு சொல்லாத மனுசி நீ. ஒன் வாயில அது வருதுன்னா அது தினாரப் பத்தின பேச்சு இல்லையேக்கா." அம்மா இப்போது முறத்தைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வருசமா போன் எடுத்தவங்க எல்லாரும் எப்ப வர்ற, எப்ப வர்றன்னுதான் கேட்டீங்க. நானும் ஒவ்வொரு சாக்கா சொல்லிக்கிட்டு இருந்தேன். கெளம்பி வான்னு ஒருத்தரும் சொல்லல. நீதான் மொதமொதல்ல சொன்ன."

பெரியம்மா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அம்மாவின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எத்தனை நூறு வெள்ளிக்கிழமைகள். ஒரு தடவை, கோபத்தில்கூட, வாங்கம்மா என்று நான் சொன்னதில்லை.